மலையோடை மீன்களின் அறிஞர் சுந்தர் லால் ஹோரா

அறிவியல் அறிஞர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் நியூட்டனும் டார்வினும் மெண்டலுமே. அவர்களைப் போற்றுவதில் தவறேதுமில்லை. ஆயினும், நம் நாட்டு ஆறுகளில் இறங்கி நின்று, நம் நாட்டு உயிர்களை ஆராய்ந்து, மேலைநாட்டார் செவிசாய்க்கும்படி எழுதிய இந்தியர்களும் இருந்தனர். விலங்கியல் பயிலும் நமக்கே அவர்களுள் பலரைத் தெரியாது. மீன்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஹோரா என்று ஒரு சொல் நிற்பதை நூல்களில் காண்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம், பின்பு மறந்துவிடுகிறோம். அச்சொல்லுக்குரிய மனிதரின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னை அவரிடம் அழைத்துச் சென்றது மிகச் சிறியதொரு கேள்வி. இன்று சிற்றூர்களிலும் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. தொட்டி வைத்துச் சில வாரங்கள் ஆனதும் கண்ணாடியில் பச்சைப் பாசி படர்கிறது. உடனே பாசி தின்னும் மீனைத் தேடிக் கடைக்குச் செல்கிறோம். கடைக்காரர் கையில் அன்று எது இருக்கிறதோ அதுவே நமக்குக் கிடைக்கிறது. பாசியைத் தின்பதற்கென்றே சில மீன்களுக்கு வாய் அமைந்தது எப்படி? அத்தகைய மீன் எந்த நீரில் பிறந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடி நூல்களைப் புரட்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் என்முன் வந்து நின்ற பெயர் சுந்தர் லால் ஹோரா என்பதாகும்.

பிறப்பும் கல்வியும்

ஹோரா 1896-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள ஹாபிசாபாத் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஜலந்தரில் பள்ளிக் கல்வியை முடித்து, லாகூரில் கல்லூரிக் கல்வி பெற்றார்.

1919-ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகிய நெல்சன் அன்னண்டேல் லாகூருக்கு வருகை தந்தார். அந்நிறுவனம் தோன்றி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லூரியில் ஹோராவைச் சந்தித்த அன்னண்டேல், கல்கத்தாவுக்கு வந்து ஆய்வில் சேருமாறு அவரை அழைத்தார். ஹோரா அந்த அழைப்பை ஏற்றார்.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என் போன்றோர்க்கு, பட்டம் பெற்றபின் எந்தப் பாதை எங்கே செல்கிறது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. கல்லூரிக்கு வருகை தரும் ஓர் அறிஞரின் ஒரு மணி நேரப் பேச்சு, ஒரு மாணவரின் நாற்பது ஆண்டு வாழ்க்கைக்கு வழி காட்டலாம். அத்தகையோரைக் கல்லூரிக்கு அழைத்து வரும் நம் ஆசிரியப் பெருமக்களுக்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை.

மணிப்பூரும் காசி மலையும்

கல்கத்தா சென்ற இளைஞர் அருங்காட்சியகத்துப் புட்டிகளோடு நின்றுவிடவில்லை. 1920-ஆம் ஆண்டிலேயே மணிப்பூருக்குப் பயணமானார். அங்குள்ள மீன்களையும் மீன்பிடி முறைகளையும் நேரில் கண்டு, மறு ஆண்டே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1921-ஆம் ஆண்டில் நிறுவனத்தின் மீன் பிரிவும், அதனோடு நீர்நில வாழ்வன, ஊர்வன பற்றிய பிரிவும் அவர் பொறுப்பில் வந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அதே 1921-இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை, கர்ரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இந்திய மீன்களைப் பற்றியது. நம் கேள்விக்கு விடை தொடங்குவது இங்கேதான்.

கர்ரா என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மீன். பாறைகளும் கற்களும் நிறைந்த மலையோடைகளில் வாழ்வது. தாமிரபரணியில் கால் நனைத்தபடி நிற்போரின் பாதங்களைக் கூட்டமாக வந்து கொறிக்கும் மீன்களுள் இதுவும் ஒன்று. இதன் வாய் முகத்தின் முனையில் இல்லை. கீழ்ப்புறம் நோக்கித் திறந்திருக்கிறது. வாய்க்குப் பின்னால் மோவாயில் வட்டமான தட்டுப் போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதைக் கல்லின்மேல் அழுத்தி, பாய்ந்து வரும் நீர் அடித்துச் செல்லாதவாறு மீன் ஒட்டிக் கொள்கிறது. தாடையின் கூரிய விளிம்பால் கல்லின்மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. வயிற்றுப் புறம் தட்டையானது. மார்புத் துடுப்புகள் இருபுறமும் விரிந்து கிடப்பன.

வேகமாக ஓடும் நீரில் மிதவை உயிர்கள் தங்கமாட்டா, சேறும் தங்காது. தங்குவது கல்லின்மேல் ஒட்டிய பாசி ஒன்றே. ஆகவே அங்கே பிழைக்க வேண்டிய மீன் கல்லைப் பற்றவும் வேண்டும், அக்கல்லிலேயே உண்ணவும் வேண்டும். பாசி தின்னும் வாயும் பற்றிக்கொள்ளும் உறுப்பும் ஒரே மீனில் சேர்ந்து அமைந்ததற்குக் காரணம் இதுவே. நீரோட்டம் அம்மீனைச் செதுக்கியது எனலாம்.

கங்ரா பள்ளத்தாக்கிலும் காசி மலையிலும் இன்னும் பல இடங்களிலும் ஓடைகளில் இறங்கி இவ்வுயிர்களை ஹோரா உற்று நோக்கினார். மீன்களோடு நில்லாமல், கல்லடியில் வாழும் பூச்சிகளின் இளம்பருவங்களையும் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் ஆராய்ந்தார். வெவ்வேறு குலத்தைச் சேர்ந்த உயிர்களாயினும், ஒரே வகை நீரோட்டத்தில் வாழ நேரும்போது ஒன்றையொன்று ஒத்த உறுப்புகளைப் பெறுகின்றன என்பதை எடுத்துக் காட்டினார். இவ்வாய்வைத் தொகுத்து அவர் எழுதிய நெடுங்கட்டுரை 1930-ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1929-இல், எடின்பரோ இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

இறந்த மீனின் செதிலை எண்ணிப் பெயரிடுவதே மீனியல் என்று பலரும் கருதியிருந்த காலம் அது. செதிலை எண்ணுவதில் ஹோரா எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் எண்ணி முடித்தபின், இம்மீன் எந்த நீரில் நின்றது, அங்கே எப்படி மூச்சு விட்டது, எதைத் தின்றது என்று கேட்டவர் அவர். அவருடைய பெருமை அக்கேள்வியில்தான் உள்ளது.

சத்புராக் கோட்பாடு

கல்லைப் பற்றி வாழும் மீன்களை ஆராய்ந்தவருக்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. அஸ்ஸாம் மலைகளிலும் மலேயா நாட்டிலும் காணப்படும் ஓடை மீன்களின் உறவினங்கள் சில, நடுவே பல நூறு கல் தொலைவைத் தாண்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படுகின்றன. சமவெளியின் மெதுவான, வெதுவெதுப்பான நீரில் அவற்றால் வாழ இயலாது. அவ்வாறாயின் அவை வந்த வழி எது?

பண்டைக் காலத்தில் விந்திய, சத்புரா மலைத்தொடர்கள் இன்றினும் அதிக மழையும் குளிர்ச்சியும் பெற்றிருந்தன என்றும், அம்மலைகளின் ஓடைகளே பாலமாக அமைய மீன்கள் கிழக்கிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பரவின என்றும் ஹோரா கருதினார். இதுவே சத்புராக் கோட்பாடு எனப் பெயர் பெற்றது. 1940-களில் நிலவியலாரும் தாவரவியலாரும் இதைப் பற்றி விரிவாக விவாதித்தனர்.

பிற்கால ஆய்வுகள் இக்கோட்பாட்டை முழுமையாக ஏற்கவில்லை. மரபணு ஆராய்ச்சி வளர்ந்த பின், எல்லா உயிர்களும் ஒரே வழியாக ஒரே காலத்தில் பரவியிருக்க முடியாது என்பது தெளிவாகியுள்ளது. இதனால் ஹோராவின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. பிறர் மறுத்துரைக்கும் அளவுக்குத் தெளிவான விடையைத் துணிந்து கூறுவதும் அறிவியல் தொண்டேயாகும். அவர் விடை தளர்ந்திருக்கலாம்; அவர் எழுப்பிய வினா தளரவில்லை.

பொறுப்புகளும் இறுதி நாள்களும்

இரண்டாம் உலகப் போர்க் காலம் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்குச் சோதனைக் காலமாயிற்று. 1942-இல் அதன் சேகரிப்புகள் பாதுகாப்புக் கருதிக் கல்கத்தாவிலிருந்து காசிக்கு அனுப்பப்பட்டன. போருக்குத் தப்பிய பொருள்கள் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. 1943-இல் வருணை ஆறு பெருக்கெடுத்து, பல்லாண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த மாதிரிகளிலும் நூல்களிலும் பெரும் சேதம் விளைவித்தது. அக்காலத்தில் ஹோரா வங்காள அரசின் மீன்வளத்துறை இயக்குநராகப் பணியாற்றினார். வங்காளம் பஞ்சத்தில் வாடிய ஆண்டுகள் அவை. மலையோடையின் சின்னஞ்சிறு மீனை ஆராய்ந்தவர், மக்கள் உண்ணும் மீனைப் பெருக்கும் வழிகளிலும் கருத்தைச் செலுத்தினார். பிற்காலத்தில் பிள்ளை என்னும் அறிஞரோடு இணைந்து அவர் ஆக்கிய மீன் வளர்ப்புக் கையேட்டை, ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1962-இல் வெளியிட்டது. அப்போது ஹோரா உயிருடன் இல்லை.

1947-இல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் அவர் பிறந்த ஊர் வேற்று நாட்டுக்கு உரியதாயிற்று. சிதைந்து கிடந்த நிறுவனத்தை மீண்டும் நிலைநிறுத்தும் பணியில் அவர் ஈடுபட்டார். இவற்றிடையே பழைய வடமொழி நூல்களிலும் அசோகர் கல்வெட்டிலும் மீன்களைப் பற்றி வரும் செய்திகளை அறிவியல் கண்கொண்டு ஆராய்ந்து எழுதினார். 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார்.

அவர் பெயரைப் பிறர் மீன்களுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். கோட்டயத்துக் கிணறுகளில் வாழும் கண்ணில்லாத கெளுத்தி ஹோராக்ளானிஸ் எனப்பட்டது. இலங்கையின் மிகச் சிறிய மீனொன்று ஹோராடண்டியா எனப்பட்டது. நம் பகுதிக்கு உரிமையானதும் ஒன்றுண்டு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மலையோடையில் கிடைத்த சிறு மீன் ஒன்றுக்கு, 1950-களில் ஈ. ஜி. சைலஸ் என்னும் அறிஞர் ஹோராலேபியோசா என்று பெயரிட்டார். பிற்காலத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கியவர் இவர். அம்மீனை இன்றைய வகைப்பாட்டாளர் கர்ராப் பேரினத்திலேயே சேர்த்துள்ளனர். ஹோரா இளமையில் எந்த மீன்களைப் பற்றி எழுதினாரோ, அவற்றின் குடும்பத்துக்கே அவர் பெயர் தாங்கிய மீனும் சென்று சேர்ந்தது.

நம் வீட்டுத் தொட்டிக்கு எந்த மீன்?

இப்போது கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நம் கடலில் பார் எதுவென்று அறியாமல் எவரும் மூழ்கியதில்லை. மீன் வாங்குவோரோ அதன் நீரை அறியாமலே வாங்குகிறோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ ஐம்பத்தேழு லிட்டர் நீர் கொள்ளும். இந்த அளவை மனத்தில் வைத்து, ஹோராவின் கேள்வியைக் கடையில் விற்கும் ஒவ்வொரு மீனிடமும் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன். தென் அமெரிக்க ஆறுகளுக்கு உரியது. விரல் நீளத்தில் வாங்கும் மீன், வளர்ந்தால் ஓரடிக்கும் மேல் நீளும். ஓரடி அகலமுள்ள தொட்டியில் அதனால் திரும்பவும் இயலாது. தின்பதைவிடக் கழிப்பது மிகுதியாகி, அக்கழிவே மேலும் பாசிக்கு உரமாகும்.

இரண்டாவது, சீனப் பாசித்தின்னி. தென்கிழக்கு ஆசிய ஆறுகளில் வாழ்வது. வாயால் கல்லைக் கவ்வியபடியே மூச்சு விடுவதற்கு வசதியாக, நீரை உள்ளிழுக்கச் செவுளின் மேற்புறத்தில் தனித் துளை பெற்றுள்ளது. உறுப்பமைப்பைப் பயில்வோர்க்கு இது ஓர் அதிசயம். ஆயினும் வளர்ந்தபின் முரட்டுக் குணம் கொள்ளும். பிற மீன்களின் உடலில் ஒட்டி மேல்தோலைச் சுரண்டும். சிறு தொட்டிக்கு ஏற்றதன்று.

மூன்றாவது, சயாமியப் பாசித்தின்னி. பிற மீன்கள் தொடாத நார்ப்பாசியையும் தின்னும் நல்ல மீன். அரையடி வரை வளர்வது, ஓயாது நீந்துவது, மூடியில்லாத தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழுவது. இதற்கு நான்கடித் தொட்டியேனும் வேண்டும்.

நான்காவது, ஓட்டோ எனப்படும் சிறு கெளுத்தி. இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது, சாதுவானது. ஆனால் கூட்டமாக வாழும் இயல்பினது, மென்னீரை விரும்புவது. சாத்தான்குளம் வட்டாரத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர்; கடலை நெருங்க நெருங்க உவர்ப்பும் சேரும். இந்த நீரில் அதனை இடுவது முறையன்று.

நம் மலையின் கர்ராவையே கொண்டுவந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். குளிர்ந்து, நுரைத்து ஓடும் நீரில் செதுக்கப்பட்ட மீன் அது. சித்திரை வெயிலில் சூடேறும் தேங்கிய நீரில் மூச்சுத் திணறிப் போகும். மேலும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் உயிர்களைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். களக்காட்டின் பெயரையே தாங்கிய கர்ரா இனம் ஒன்று 1993-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று என்பதை நினைத்தால், அந்த ஓடைகளில் நாம் அறிய வேண்டியவை இன்னும் எவ்வளவோ என்பது விளங்கும்.

எஞ்சுவது மோலி மீன். விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது, கடின நீரிலும் சற்றே உவர்ப்பான நீரிலும் நன்கு வாழ்வது. மெல்லிய பச்சைப் பாசியை நாள் முழுதும் கொறித்துக் கொண்டிருக்கும். இரண்டடித் தொட்டிக்கு ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் போதும். அதனோடு, தொட்டியைச் சன்னல் வெயிலில் வைக்காதிருத்தல், விளக்கை நாளுக்கு ஏழெட்டு மணி நேரத்தோடு நிறுத்துதல், தீனியைக் குறைத்தல், வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றுதல், கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துத் துடைத்தல் ஆகியவற்றையும் செய்தால் பாசி கட்டுக்குள் நிற்கும். பாசி பெருகுவது மீன் இல்லாத குறையால் அன்று. ஒளியும் உரமும் மிகுந்ததால்தான்.

குளத்தில் விடலாமா?

தொட்டியில் வளர்ந்து பெருத்துவிட்ட சக்கர் மீனை என்ன செய்வது? கொல்ல மனமில்லாதவர்கள் அருகிலுள்ள குளத்தில் விட்டு வருகிறார்கள். இரக்கத்தால் செய்யும் இச்செயலின் விளைவு கொடியது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் இம்மீன் புகுந்து பெருகியுள்ளது. உடல் முழுதும் முள்தகடு போர்த்த மீன் ஆகையால் வலையைக் கிழிக்கும். கரையைக் குடைந்து வளை அமைத்து முட்டையிடும். நம் மீன்களுக்குரிய உணவைத் தின்று தீர்க்கும். நீரைவிட்டு வெளியே எடுத்தாலும் நெடுநேரம் சாகாது.

நம் ஊர்ப் பக்கம் மழை குறைந்த பகுதி. செம்மண் தேரிகளுக்கு இடையே குளங்களை நம்பியே வாழ்கிறோம். மணிமுத்தாறு அணையின் கால்வாய் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரத்துக் குளங்களை நோக்கித்தான் வருகிறது. கர்ரா வாழும் மலையின் நீரே நம் குளத்துக்கும் வருகிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்! ஒரு குளத்தில் விட்ட மீன், மறுகால் பாயும் நாளில் அடுத்த குளத்துக்குச் செல்லும். குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லாவும் ரோகுவும் வளர்ப்போரின் ஆண்டு உழைப்பு அதனால் பாழாகும். கரை குடையப்பட்டால் பாசனமும் கெடும். மோலியின் குஞ்சுகளுக்கும் இதே விதியைக் கொள்ள வேண்டும். தொட்டி நிறைந்தால் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்போரிடமோ கொடுக்கலாமேயன்றி, எந்த மீனையும் குளத்திலோ கால்வாயிலோ கிணற்றிலோ விடலாகாது.

ஒரு மீன் நமக்கு என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன், அம்மீன் எந்த நீருக்கு உரியது என்று கேட்க வேண்டும். ஹோராவின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. அதைப் பின்பற்ற ஆய்வுக்கூடமோ அயல்நாட்டுப் பட்டமோ தேவையில்லை. விலங்கியல் பயிலும் நாம் ஒவ்வொருவரும் நம் தெருவில் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்குச் சென்று இதை எடுத்துச் சொன்னால், அவ்வறிஞருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவாகும். நம் குளங்களும் பிழைக்கும்.